இரண்டு கம்பெனிகள் ஒன்றான வருஷம்

செஞ்சி பக்கத்திலிருந்து மீனம்பாக்கம் ஏர்போர்ட்டில் கவுன்ட்டர் வேலைக்குப் போன பெண்கள், எனக்குத் தெரிந்து, நாங்கள் இரண்டு பேர்தான். நான் ஒரு விமானக் கம்பெனியில், அவள் இன்னொரு விமானக் கம்பெனியில். எங்கள் கவுன்ட்டர்களுக்கு நடுவே இருபது அடி தூரம்கூட இருக்காது. ஆனாலும் மூன்று மாதம் நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. பழக்கமானது பஸ்ஸில். ஒரு லீவு நாளில் திண்டிவனத்தில் இறங்கி செஞ்சி பஸ்ஸில் ஏறினேன். முன் சீட்டில் உட்கார்ந்திருந்தவளின் கொண்டையில் கறுப்பு வலை கழற்றாமல் இருந்தது. ஏர்போர்ட் வேலைக்கு வருகிறவர்கள் தவிர வேறு யாரும் அந்த மாதிரி வலை போடுவதில்லை. நீங்க ஏர்போர்ட்டா என்று கேட்டேன். அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

"உன்னைத் தினம் பாக்கறேன். நீயா பேசட்டும்னு இருந்தேன்" என்றாள்.

என்னைவிட இரண்டு வயது பெரியவள். முதலில் அக்கா என்று கூப்பிட்டேன், அவள்தான் வேண்டாம் என்றாள். ஆறு மாதத்தில் பல்லாவரத்தில் ஒரு ரூமை எடுத்து இருவரும் சேர்ந்து தங்கினோம். எனக்குக் காலை ஷிஃப்ட் என்றால் அவளுக்குப் பெரும்பாலும் மதியம் இருக்கும். ஒருத்தி தூங்கும்போது இன்னொருத்தி சமைத்து மூடி வைத்துவிட்டுப் போவோம். ஏழு வருஷம் அப்படியே போனது.

அவள் ஊர் மேல்சித்தாமூர் போகிற வழியில் ஒரு சின்ன கிராமம். காலனியில் வீடு. அம்மா இல்லை. அவளுடைய நைனா பஞ்சாயத்தில் தண்ணி டேங்க் ஆபரேட்டராக இருந்தார். காலையிலும் சாயந்திரமும் மோட்டார் போட்டு, தெருத்தெருவாக வால்வு திறந்துவிடும் வேலை. சர்க்கரை வியாதியில் வலது காலில் புண் வந்து, இரண்டு விரல்களை எடுத்திருந்தார்கள். அவளுக்கு எந்த நாள் லீவோ அந்த நாளில் அவரை செஞ்சி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காட்டுவாள். மற்ற நாளில் கட்டு மாற்றப் பக்கத்து வீட்டு அண்ணி கூடப் போவார்.

முதல் தடவை நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது, அவர் ஒரே நாற்காலியை ஃபேனுக்கு நேராக எனக்குப் போட்டுவிட்டு, அந்தக் காலோடு நின்றுகொண்டே இருந்தார். நைனா, உக்காரு என்று அவள் இரண்டு முறை சொன்ன பிறகுதான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். எங்கள் வீடு செஞ்சியில் கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கிறது. அவள் அங்கே பலமுறை வந்திருக்கிறாள். என் அம்மா அவளிடம் நன்றாகப் பேசுவாள், காபி தருவாள். சாப்பிட்டுப் போ என்று மட்டும் ஒரு நாளும் சொன்னதில்லை. நான் அதைக் கவனித்ததே ரொம்ப நாள் கழித்துத்தான். அவள் முதல் நாளே கவனித்திருப்பாள்.

அவளுடைய நைனாவுக்கு ஒரு தம்பி. முப்பது வருஷத்துக்கு முன்னால் கொத்தனார் வேலைக்கு ஆள் கூட்டிப்போன ஒரு மேஸ்திரியோடு கப்பலேறி அந்தமான் போனவர். அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு தங்கிவிட்டார். ஊருக்கு வந்தது ஒரே ஒரு தடவை, அம்மா செத்தபோது, அதுவும் காரியம் முடிந்த பிறகு. அண்ணனும் தம்பியும் ஃபோனில் பேசிக்கொள்வார்கள். ஒரு தடவை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று இவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் கம்பெனிக்கு அந்தமான் ஃப்ளைட் இருந்தது. ஸ்டாஃப் டிக்கெட்டில் கூட்டிப்போவதாக அவள் சொல்லியிருந்தாள்.

ஸ்டாஃப் டிக்கெட் என்றால் சீட் நிச்சயம் கிடையாது. டிக்கெட் வாங்கிய பயணிகள் எல்லாரும் ஏறிய பிறகு மிச்சம் இருந்தால்தான் இடம். ஒரு தைப்பொங்கல் முடிந்து அவரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். புதுசாக வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, தம்பிக்கென்று ஒரு மஞ்சப்பை நிறைய, எங்கள் பக்கம் மணிலாக்கொட்டை என்கிற வேர்க்கடலை எடுத்து வந்திருந்தார். கடைசிப் பயணி வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டார்கள், ஒரு சீட்கூட மீதமில்லை. நான் என் கவுன்ட்டரிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவள் வந்து விஷயத்தைச் சொன்னதும் அவர் சுற்றிலும் ஒரு முறை பார்த்தார். ஏர்போர்ட்டைப் பார்த்தாச்சு, இது போதும், இன்னொரு நாள் வரலாம் என்று சொன்னாராம். கூட்டம் குறைவாக இருக்கிற மாதம் பார்த்து மறுபடி போகலாம் என்று அவளும் இருந்தாள்.

அதற்குள் இரண்டு கம்பெனிகளும் ஒன்றாகப் போகின்றன என்ற செய்தி வந்தது. என் கம்பெனி பெரியது, அவளுடையது சின்னது. அதனால் பெயர் எங்களுடையதுதான் இருக்கும் என்றார்கள். யாருக்கும் வேலை போகாது என்று மேலதிகாரி மீட்டிங்கில் மூன்று தடவை சொன்னார். மூன்று தடவை சொன்னதும்தான் எல்லாருக்கும் பயம் வந்தது. ஒரு ஹோட்டலில் இரண்டு பக்கத்து ஆட்களையும் கூப்பிட்டு கேக் வெட்டினார்கள். நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஃபோட்டோ எடுத்துக்கொண்டோம். இனிமே ஒரே டிரெஸ், ஒருத்தி துணியை இன்னொருத்தி போட்டுக்கலாம் என்று அவள் சொன்னாள். எனக்கும் அன்றைக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆனால் கணக்கு எங்களுக்குத் தெரியாததல்ல. ஒரே ஊருக்குக் காலையில் இரண்டு கம்பெனியும் ஒவ்வொரு விமானம் விட்டுக்கொண்டிருந்தன. ஒன்றான பிறகு எதற்கு இரண்டு? விமானம் குறைந்தால் கவுன்ட்டர் குறையும். சென்னையில் சீனியர் வேலை எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று இருந்தது. இனி ஒன்றே ஒன்று.

இன்டர்வியூ என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். டெல்லியிலிருந்து வந்த ஒரு அம்மா கேள்வி கேட்டார். மரியாதையாகத்தான் பேசினார். சென்னையில் ஒரு இடமும் கொல்கத்தாவில் ஒரு இடமும் இருப்பதாகச் சொல்லிவிட்டு, நீங்களும் அவங்களும் ஒரே ரூமில் இருக்கீங்களாமே, அவங்களால வெளியூர் போக முடியுமா என்று கேட்டார்.

நான் யோசிக்கவில்லை. அவங்க அப்பாவுக்குக் கால் சரியில்லை, வாரா வாரம் ஊருக்குப் போயாகணும், அவளால போக முடியாது என்று சொன்னேன்.

அது உண்மைதான். அதைக் கேட்டு அவளுக்குச் சென்னை இடத்தைக் கொடுப்பார்கள் என்று நினைத்துத்தான் சொன்னேன் என்று பிற்பாடு எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அந்த அம்மா அடுத்ததாக, உங்களுக்கு எப்படி என்று கேட்டார். வீட்டில் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறார்கள், எனக்கும் கஷ்டம் என்றேன். அந்தச் சமயம் எங்கள் வீட்டில் யாரும் எந்தக் கல்யாணமும் பேசவில்லை. வந்த இரண்டு வரனும் தட்டிப்போய், என் அப்பா அந்தப் பேச்சை விட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்த அம்மா எதையோ எழுதிக்கொண்டார். நான் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வெளியே நாற்காலியில் அடுத்த ஆளாக அவள் உட்கார்ந்திருந்தாள். இன்னா கேட்டாங்க என்றாள். வழக்கமா கேக்கறதுதான் என்றேன்.

பத்து நாளில் கடிதம் வந்தது. எனக்குச் சென்னை. அவளுக்குக் கொல்கத்தா. விருப்பமில்லை என்றால் பதினைந்து நாளில் எழுதிக் கொடுத்துவிட்டு விலகலாம் என்று இருந்தது. முடியாது என்று தெரிந்த ஒருத்திக்கு அதைக் கொடுத்தால் வேலையை எடுத்ததாகவும் இருக்காது, கொடுத்ததாகவும் இருக்காது. இது அப்போது எனக்குப் புரிந்தது. அவள் மேலதிகாரியைப் பார்த்துப் பேசினாள். ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் எடுத்துக்கொண்டு போனாள். அது எங்களுக்கு முன்னாடியே தெரியும்மா என்று அவர் சொன்னதாக ரூமுக்கு வந்து சொன்னாள். தெரிஞ்சுமா கொடுத்தாங்க என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன், நிமிரவில்லை.

கடைசி நாள் யூனிஃபார்ம், அடையாள அட்டை, கம்பெனி கொடுத்த சிம் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு வந்தாள். ஸ்டாஃப் டிக்கெட்டும் அன்றோடு முடிந்தது. நைனாவை ஒரு தடவை ஏத்திவிட்டிருக்கலாம் என்று மட்டும் சொன்னாள். மறுநாள் நான் ஷிஃப்ட் முடிந்து வரும்போது அலமாரியில் அவள் பக்கம் காலியாக இருந்தது.

செஞ்சி பஸ் ஸ்டாண்டு எதிரில் ஒரு ஆன்லைன் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். பட்டா, சாதிச் சான்றிதழ், ஆதார் திருத்தம் என்று தாலுகா ஆபீஸ் சம்பந்தமான எல்லாம் அங்கே விண்ணப்பிப்பார்கள். முதலில் தினமும் ஃபோன் செய்துகொண்டோம். பிறகு வாரத்துக்கு ஒரு தடவை ஆனது. அவள் பேசும்போதெல்லாம் அந்த இன்டர்வியூ ஞாபகம் வந்து, நான் ஏதாவது சொல்லி சீக்கிரம் வைத்துவிடுவேன். அவள் என்ன நினைத்தாளோ, கேட்கவில்லை.

இங்கே கவுன்ட்டரில் தினமும் யாராவது ஒருவர் பழைய பெயர் போட்ட தாளை நீட்டினார்கள். அந்தக் கம்பெனி இப்போது இல்லை என்று சொன்னால் முகம் வெளுத்துவிடும். டிக்கெட் செல்லும், நேரம்தான் மாறியிருக்கிறது என்று விளக்குவதற்குள் பின்னால் வரிசை நீண்டுவிடும். இரண்டு விமானத்தை ஒன்றாக்கிய இடத்தில் எல்லாம் நேரம் முன்னேயோ பின்னேயோ போயிருந்தது. உங்க நம்பருக்கு மெசேஜ் அனுப்பியிருக்கோம் சார் என்ற ஒரு வாக்கியத்தை ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது தடவை சொன்னேன். கல்யாணத்துக்குப் போகிறவர்கள் இருந்தார்கள், பரீட்சைக்குப் போகிறவர்கள் இருந்தார்கள். அழுதவர்களும் உண்டு, திட்டியவர்களும் உண்டு. சாயந்திரம் ரூமுக்கு வந்தால் அதில் ஒருவர் முகமும் நினைவில் இருக்காது. அப்படி இருக்கப் பழகிக்கொண்டேன்.

ஐந்தாறு மாதம் கழித்து ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு வரிசையில் அவள் நின்றிருந்தாள். பக்கத்தில் அவளுடைய நைனா, வலது காலில் கட்டோடு, ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு. இருவரும் விடியற்காலை முதல் பஸ்ஸுக்குக் கிளம்பி வந்திருக்க வேண்டும். என்னைப் பார்த்ததும் அவர் கையை உயர்த்திக் கும்பிட்டார். அவர்கள் வருவது எனக்குத் தெரியாது. அவள் சொல்லவில்லை.

முறை வந்ததும் தாளை நீட்டினாள். சித்தப்பாவுக்கு ரொம்ப முடியலை, ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்க, அண்ணனைப் பாக்கணும்னு சொல்றாராம், அதான் கிளம்பிட்டோம் என்றாள். இந்தத் தடவை சாதாரணப் பயணிகள் மாதிரி முழு டிக்கெட் வாங்கியிருந்தாள். நம்பரைத் தட்டினேன். பதினொன்றரை மணி விமானம் என்று தாளில் இருந்தது. அது நிறுத்தப்பட்டு, இந்தப் பயணிகள் எல்லாரும் காலை எட்டு மணி பத்து நிமிஷ விமானத்துக்கு மாற்றப்பட்டிருந்தார்கள். அந்த விமானம் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

அவள் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். நான் செய்த வேலையைத்தானே அவளும் அத்தனை வருஷம் செய்தாள்.

"உங்க நம்பருக்கு மெசேஜ் அனுப்பியிருக்காங்க" என்று என் வாய் சொன்னது. உங்க என்றுதான் வந்தது.

"எந்த நம்பருக்கு?"

கடைசி நான்கு எண்களைப் படித்தேன். அது அவள் ஒப்படைத்துவிட்டு வந்த கம்பெனி சிம். பழைய கணக்கிலேயே டிக்கெட் போட்டிருக்கிறாள், அதுவாகவே அந்த நம்பரை எடுத்துக்கொண்டிருக்கிறது. எந்த அலுவலகத்தில், எந்த மேஜை டிராயரில் அந்த மெசேஜ் வந்து விழுந்ததோ.

அவள் சத்தம் போடவில்லை. அவள் நின்ற இடத்தில் நின்று எத்தனையோ பேர் கத்தியதை நாங்கள் இருவரும் கேட்டிருக்கிறோம். கண்ணாடி மேஜை ஓரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "இப்ப இன்னா பண்ணலாம், அதைச் சொல்லு" என்றாள்.

நான் உள்ளே ஓடினேன். அன்றைக்கு எங்களுக்கு வேறு விமானம் இல்லை. மற்ற கம்பெனிகளில் கேட்டேன், எதிலும் இரண்டு இடம் இல்லை. மறுநாள் காலை எட்டு பத்துக்கு டியூட்டி மேனேஜர் இடம் போட்டுக் கொடுத்தார். இவங்க நம்ம பழைய ஸ்டாஃப் சார் என்றேன். நம்ம ஸ்டாஃபா, அந்தப் பக்கமா என்று கேட்டார். அந்தப் பக்கம் என்றேன்.

பல்லாவரம் ரூமின் சாவியை அவளிடம் கொடுத்தேன். அவளும் ஏழு வருஷம் இருந்த ரூம்தான். மதியம் ஷிஃப்ட் முடிந்து போனபோது அவர் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அவள் சோறு வடித்திருந்தாள். மூன்று பேரும் சாப்பிட்டோம். நாலு மணி வாக்கில் அந்தமானிலிருந்து சித்தப்பாவின் மகன் பேசினான். அவள் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றாள். சரி, சரி என்று மட்டும் சொன்னாள். திரும்பியபோது சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை.

அவர் அழவில்லை. ரொம்ப நேரம் காலில் இருந்த கட்டைத் தடவிக்கொண்டே இருந்தார். "பேசறதுக்குத்தான் போறேன்னு இருந்தேன். இனிமே போய் யார்கிட்ட பேசறது" என்றார்.

போக வேண்டாம் என்றால் டிக்கெட்டை ரத்து செய்துவிடலாம் என்று அவள் மெதுவாகச் சொன்னாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, பொண்டாட்டி புள்ளைங்க இருக்குதே, அண்ணன்னு ஒருத்தன் போய் நிக்க வேண்டாமா என்றார். அங்கே அவர்களும் நாளைக்கு மத்தியானம் வரை உடலை வைத்திருப்பதாகச் சொன்னார்கள்.

மறுநாள் நானே அவர்களுக்குப் போர்டிங் போட்டேன். சக்கர நாற்காலி சொல்லியிருந்தேன், தள்ளுகிற ஆள் வரத் தாமதமானதால் நானே தள்ளிக்கொண்டு கேட் வரைக்கும் போனேன். அவள் பைகளோடு பக்கத்தில் நடந்து வந்தாள். கண்ணாடிக்கு வெளியே விமானம் நின்றது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, மேல போனா நம்ம மலை தெரியுமா என்று என்னைக் கேட்டார். இல்லைங்க, இது கிளம்பின உடனே கடல் பக்கம் போயிடும் என்றேன். சரி என்று தலையாட்டினார். எழுந்து, பாலம் மாதிரி இருந்த அந்த வழியில் மகள் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்து போனார். தன் தம்பியின் சாவுக்குத்தான் அவர் முதல் முறையாக விமானம் ஏறினார்.

அடுத்த வருஷம் ஏர்போர்ட்டில் கவுன்ட்டர் வேலையில் பாதியை ஒரு கான்ட்ராக்ட் கம்பெனிக்குக் கொடுத்தார்கள். சீனியர்களை ஊர் மாற்றினார்கள். எனக்குக் கொல்கத்தா வந்தது. சம்மதம் என்று எழுதிக் கொடுக்க எனக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கையெழுத்துப் போட்டு முடித்த பிறகுதான் உறைத்தது. அது என்னால் முடியாத காரியமாக ஒருபோதும் இருந்ததில்லை.

கிளம்புவதற்கு முன்னால் செஞ்சிக்கு வந்தேன். அவளிடம் சொல்லாமல் போகக்கூடாது என்று தோன்றியது. மதிய நேரம். கடையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார், அவருடைய பட்டா மாறுதலுக்கு அவள் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்தாள். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கொல்கத்தாவைச் சொன்னேன். போ, நல்ல ஊருன்னு சொல்றாங்க என்றாள். பிறகு இன்டர்வியூவில் நடந்ததைச் சொன்னேன். அவளைப் பற்றிச் சொன்னதையும், எனக்குக் கல்யாணம் பேசுகிறார்கள் என்று பொய் சொன்னதையும், எதையும் குறைக்காமல்.

அவள் டைப் அடிப்பதை நிறுத்தவில்லை. திரையைப் பார்த்தபடியே பேசினாள்.

"உன் பொய்யை விடு. யாரா இருந்தாலும் அதைச் சொல்லுவாங்க. என்னால போக முடியாதுன்னு சொன்னே பாரு. என்னைக் கேட்டிருந்தா நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். ஆனா என்னைக் கேட்டிருக்கணும்."

சர்வே நம்பர் சரியா பாருங்க ஐயா என்று பெரியவர் பக்கம் திரையைத் திருப்பினாள். அவர் போன பிறகு சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, மூடியில் பாதியை எனக்குப் போட்டுக் கொடுத்தாள். நைனாவுக்குக் காலில் இன்னொரு விரல் எடுக்க வேண்டியிருக்கும் என்று சொன்னார்களாம். டேங்க் வேலையை விட்டுவிட்டார். அந்தமானிலிருந்து சித்தப்பாவின் மகன் அவ்வப்போது பேசுகிறான், வீடியோவில் அவனைப் பார்த்தால் தம்பி மாதிரியே இருக்கிறான் என்று அவர் சொல்கிறாராம்.

சாப்பிட்டு முடித்து நான் எழுந்தபோது அவள் ரோட்டைக் கடந்து பஸ் வரைக்கும் வரவில்லை. கடையில் அடுத்த ஆள் வந்துவிட்டிருந்தார். முன்பெல்லாம் நான் ஜன்னல் சீட் பிடித்து உட்காரும் வரை நின்றுவிட்டுத்தான் போவாள்.

கொல்கத்தா வந்து ஒன்றரை வருஷமாகிறது. பொங்கலுக்கும் என் பிறந்தநாளுக்கும் அவளிடமிருந்து செய்தி வரும், நானும் அனுப்புவேன். அதில் எந்தக் கோபமும் இருக்காது. நான் ஒன்று எழுதினால் அதற்கு எவ்வளவோ அவ்வளவு மட்டும் பதில் எழுதுவாள், ஒரு வார்த்தைகூட அதிகமாக இருக்காது.